பொடி விற்கும் அம்மாக்களுக்கு

ஒதியம்பட்டில் வீட்டிலேயே இட்லிப் பொடி, சாம்பார் பொடி அரைத்து விற்கப் போகிறீர்களா? பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிய பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள்; காலை அவசரத்தில் பருப்பு கருகிவிடும். வறுத்ததைத் தட்டில் பரப்பி, முழுக்க ஆறவிட்டு அரைக்கவும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடி உள்ளே வேர்த்து, பொடி கட்டிதட்டிப் பூசணம் பிடிக்கும். அரைத்த தேதியை ஒட்ட மறக்காதீர்கள்.

விலையில் மளிகைச் செலவோடு கேஸ், மின்சாரம், டப்பா, உங்கள் கூலி எல்லாம் சேரட்டும். கூலியைத்தான் நம் பெண்கள் விட்டுவிடுகிறார்கள்! வில்லியனூர் கடைகளில் போட்டால் கமிஷனும் உண்டு. சொந்தக்காரர் கடனையும் நோட்டில் எழுதுங்கள்.

வீட்டில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். சிறு தயாரிப்பாளருக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய். சிறுதொழிலுக்கான ‘உத்யம்’ பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள்.