டிரெஸ்டனுக்கு மகளை அனுப்பிய அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

கும்பகோணத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மகளும் மாப்பிள்ளையும் ஜெர்மனியில் டிரெஸ்டனுக்குக் குடிபோய் ஏழு மாதம் ஆகிறது என்கிறீர்கள். தீபாவளியன்று வீடியோ அழைப்பில் அழுத பெண், நவம்பர் கடைசியிலிருந்து நாள் தவறாமல் விளக்கும் நட்சத்திரமுமாகப் படம் அனுப்புகிறாளாம். "அது அவர்கள் பண்டிகை. இவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது? நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறாளா, எனக்காகச் சிரிக்கிறாளா?" என்று கேட்டுவிட்டு, கடைசி வரியை அடித்திருக்கிறீர்கள். அடித்த வரிக்குத்தான் இந்தப் பதில்.

நானும் என் கணவரும் அதே ஊரில் 2013 முதல் 2022 வரை இருந்தோம். அவருக்குச் சிப் தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை. ஒன்பது டிசம்பர் அங்கே கழிந்தது. உங்கள் மகள் பொய் சொல்லவில்லை அம்மா. சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. அது டிசம்பர் 24 பிற்பகல் இரண்டு மணிக்கு வரும். எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. அவளுக்கும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

முதலில் இருட்டைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் அந்த ஊர் விளக்கைப் பற்றிப் பேச முடியாது. டிசம்பரில் டிரெஸ்டனில் விடியக் காலை எட்டு மணி ஆகும். மாலை நான்கு மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். நடுவில் இருப்பதும் வெயில் இல்லை, ஈயப் பாத்திரத்தின் நிறத்தில் ஒரு வெளிச்சம். நவம்பர் அதைவிடக் கொடுமை. இருட்டும் உண்டு, மழையும் உண்டு, விளக்கு மட்டும் இராது. திண்ணையில் வந்து உட்கார்ந்தால் நாலு முகம் தெரியும் ஊரில் வளர்ந்தவள் நான். அந்த முதல் நவம்பரில் பகல் பன்னிரண்டு மணிக்கே திரையை இழுத்து மூடிவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு, அவர் வரும் நேரத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். உங்கள் மகள் தீபாவளிக்கு அழுததில் பாதி அந்த இருட்டுக்காக என்று நினைக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்கு முந்திய நாள் மாலை, எதிர்வீட்டுச் சன்னலில் ஏதோ மின்னியது. திரையை விலக்கிப் பார்த்தேன். அரைவட்ட வில் போல ஒரு மரச்சட்டம், அதன் மேல் வரிசையாக விளக்குகள், நடுவில் மரத்தில் அறுத்த சின்னச் சின்ன உருவங்கள். அதற்கு ஷ்விப்போகன் என்று பெயர். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேல்வீட்டில் ஒன்று, பக்கத்துக் கட்டடத்தில் மூன்று என்று ஏற்றினார்கள். இரவு உணவு நேரத்துக்குள் தெரு முழுக்க எரிந்தது.

டிரெஸ்டனுக்குத் தெற்கே எர்ட்ஸ்கெபிர்கெ என்ற மலைத்தொடர். பல நூற்றாண்டுகளாக வெள்ளியும் தகரமும் வெட்டி எடுத்த பூமி. குளிர்காலத்தில் சுரங்கத் தொழிலாளி இருட்டில் இறங்கி, இருட்டில் மேலே வருவான். வாரத்தில் ஆறு நாள் பகலையே பார்க்கமாட்டான். அந்த மக்கள் வீட்டில்தான் இந்த விளக்கு வில் பிறந்தது. நமக்குத் தெரிந்தவற்றில் மிகப் பழையது 1740இல் யோஹான்கேயோர்கன்ஷ்டட் என்ற ஊரில் இரும்பில் செய்தது. சுரங்கம் வற்றியபோது அவர்கள் மரம் செதுக்கவும் லேஸ் பின்னவும் போனார்கள். விளக்கின் நடுவே இருக்கும் உருவங்கள் அவர்களேதான்: சுரங்கத் தொழிலாளி, மரம் செதுக்குகிறவர், லேஸ் பின்னுகிற பெண்.

அந்த விளக்கு தெருவைப் பார்த்து நிற்கும். வீட்டுக்குள் இருப்பவருக்கு அதன் முதுகுதான் தெரியும். கார்த்திகைக்கு நாம் அகலை வாசலில் வைக்கிறோமே, அதே கணக்கு. போகிற வருகிற யாருக்கோ ஏற்றியது. நானும் என் கணவரும் அன்றிரவு குளிரில் இரண்டு மணி நேரம் தெருத்தெருவாக நடந்தோம். உங்கள் மகள் அனுப்பும் படங்களில் பாதி இந்தச் சன்னல்களாகத்தான் இருக்கும். பாருங்கள்.

மீதிப் பாதி சந்தையாக இருக்கும். ஆல்ட்மார்க்ட் என்ற சதுக்கத்தில் கூடும் ஷ்ட்ரீட்சல்மார்க்ட், 1434ஆம் ஆண்டு ஆவணத்திலேயே பேசப்படுவது. அப்போது அது கிறிஸ்துமஸுக்கு முன் ஒரே ஒரு நாள் கூடிய இறைச்சிச் சந்தை. இன்று நான்கு வாரம் நடக்கிறது. சுற்றிக்கொண்டே இருக்கும் மரப் பிரமிடு நடுவில் நிற்கும். சுடச்சுட க்ளூவைன் என்ற மசாலா ஒயின் கிடைக்கும். மது தொடாதவர்களுக்குக் கிண்டர்புன்ஷ் என்ற பழச்சாறு. பீங்கான் கோப்பைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, திருப்பிக் கொடுத்தால் காசைத் தருவார்கள். நாங்கள் வருடத்துக்கு ஒரு கோப்பையைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டோம். ஏழு கோப்பை இப்போது சென்னையில் அலமாரியில் இருக்கிறது.

சந்தையின் பெயரிலுள்ள ஷ்ட்ரீட்சல் என்பது ஷ்டோலன் என்ற ரொட்டியின் பழைய பெயர். அதில் உங்களுக்குப் பிடிக்கும் ஒரு கதை இருக்கிறது. திருவருகைக் காலம் அன்று நோன்புக் காலம். வெண்ணெயும் பாலும் கூடாது. எண்ணெய் விட்டுப் பிசைந்த அந்த ரொட்டி வாயில் வைக்க விளங்காது. சாக்சனி ஆட்சியாளர்கள் போப்பாண்டவருக்கு விண்ணப்பித்து, 1491இல் எட்டாம் இன்னசென்ட் வெண்ணெய்க்கு அனுமதி தந்தார். வெண்ணெய்க் கடிதம் என்றே அதற்குப் பெயர். மார்கழியில் பாவை நோன்பிருந்த பெண்களும் பால் நெய்யை விலக்கியவர்கள்தானே! ஏறக்குறைய அதே மாதம், அதே விலக்கு. ஷ்டோலனை நடுவில் வெட்டி எடுத்துக்கொண்டு, மீதி இரு பாதிகளையும் ஒட்டி வைத்துவிட வேண்டும். காயாமல் வாரக்கணக்கில் இருக்கும். இதை மகளிடம் சொல்லுங்கள். திராட்சையை ரம்மில் ஊறவைப்பார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மசாலா என்றேனே, அதில் நான் நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. என் ஊர் மயிலாடுதுறை. பள்ளியில் படிக்கும்போது தரங்கம்பாடிக்குச் சுற்றுலா கூட்டிப்போவார்கள். அங்கே 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் சீகன்பால்குவின் கல்லறையைக் காட்டுவார்கள். 1706இல் கப்பலில் வந்து இறங்கி, தமிழ் கற்று, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தவர். அவர் பிறந்த ஊர் புல்ஸ்னிட்ஸ் என்று பாடத்தில் எழுதிப்போட்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அது எங்கே இருக்கிறது என்று நினைத்துப் பார்த்ததில்லை.

டிரெஸ்டனில் மூன்றாம் வருடம் சந்தையில் ஒரு கடைப் பலகையில் அந்தப் பெயரைப் பார்த்தேன். புல்ஸ்னிட்ஸ் ஃபெஃபர்கூகன். அதாவது மிளகுக் கேக். கிழக்கிலிருந்து வந்த எல்லா மசாலாவையும் மிளகு என்றே அழைத்த காலத்துப் பெயர் அது. பட்டை, கிராம்பு, ஏலம், கொத்தமல்லி என்று வாசனை எழுந்தது. கண்ணை மூடினால் என் பாட்டியின் அஞ்சறைப் பெட்டி. புல்ஸ்னிட்ஸ் ரொட்டிக்காரர்களுக்கு 1558இலேயே இதைச் செய்ய உரிமை கிடைத்திருக்கிறது. மலபாரின் மணம் வீசிய ஊரில் 1682இல் பிறந்த பையன்தான், நம் கடற்கரைக்கு வந்து தமிழ் எழுத்தை ஈயத்தில் வார்க்கச் செய்தான். அடுத்த ஞாயிறே ரயில் ஏறிப் போனோம், ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சிறிய ஊர், அமைதியான சதுக்கம், தெருவுக்குத் தெரு அடுப்பு வாசனை. என் கணவர் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்த ஊரை எனக்கு அந்நியம் என்று சொல்ல அதன்பின் வாய் வரவில்லை. உங்கள் மகளைக் கட்டாயம் அங்கே போய்வரச் சொல்லுங்கள்.

நல்லதை மட்டும் எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். 2014 டிசம்பரில் திங்கள்கிழமை மாலைகளில் பெகிடா என்ற இயக்கம் டிரெஸ்டனில் ஊர்வலம் நடத்தியது. அகதிகளுக்கும் முஸ்லிம்களுக்கும் எதிரான முழக்கம், ஆயிரக்கணக்கில் கூட்டம். திங்களன்று மாலை நாங்கள் வெளியே போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு அவர்கள் செம்பர் ஓபரா அரங்கின் முன் கூடியபோது, அந்த அரங்கம் எதிர்ப்பாகத் தன் விளக்குகளை அணைத்தது. எங்களைத் திட்டியவர் அந்த ஊரில் இருந்தார், எங்களுக்காக விளக்கை அணைத்தவரும் அதே ஊரில் இருந்தார். இப்போது சந்தைகளைச் சுற்றிக் கனமான தடுப்புகளும் போலீஸும் இருக்கும். 2016இல் பெர்லினிலும் 2024இல் மாக்டெபுர்கிலும் கூட்டத்தில் வண்டியை ஏற்றி ஆட்களைக் கொன்றார்கள். மகள் இதை உங்களிடம் சொல்லாமல் மறைத்திருப்பாள். நீங்கள் செய்தியில் பார்த்துவிட்டுத் தனியாகப் பயப்படுவதைவிட, அவளிடம் நேரே கேட்டுவிடுவது மேல்.

இனி அந்த எல்லைக்கு வருகிறேன். எங்கள் முதல் வருடம், டிசம்பர் 24. பண்டிகை என்றால் அன்று கூட்டம் நெரியும் என்று நினைத்தோம். தீபாவளிக்கு முந்தின ராத்திரி பெரிய கடைத்தெரு எப்படி இருக்கும், அப்படி. மூன்று மணிக்குப் புதுத்துணி உடுத்திக்கொண்டு ஆல்ட்மார்க்ட் போனோம். கடைகளின் பலகைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சந்தை இரண்டு மணிக்கே முடிந்துவிட்டது. பால் வாங்கலாம் என்று போனால் எல்லாக் கடையும் அடைப்பு. அடுத்த இரண்டு நாளும் விடுமுறை என்பது அப்போதுதான் உறைத்தது. டிராமில் எங்களைத் தவிர ஓட்டுநர் மட்டும். நான்கு மணிக்கு இருட்டியது. கோயில் மணிகள் அடித்தன. சன்னல்தோறும் அதே விளக்குகள் எரிந்தன. ஆனால் அன்று ஒவ்வொரு சன்னலுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. உருளைக்கிழங்கு சாலட், சாஸேஜ், மரத்தடியில் பரிசுப் பொட்டலங்கள். நான்கு வாரம் தெருவில் எல்லோருக்கும் பொதுவாக இருந்த பண்டிகை, ஒரே மணி நேரத்தில் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. யார்மேலும் குற்றம் இல்லை. பிள்ளைகள் தூர ஊர்களிலிருந்து பெற்றவர்களிடம் வந்துசேரும் ராத்திரி அது. பெற்றவர்களிடம் போய்ச்சேர முடியாத நாங்கள் இருவரும் அன்று பாலில்லாத காபியைக் குடித்துவிட்டு, எட்டு மணிக்கே படுத்துவிட்டோம். நான் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன். அவர் தூங்குவதுபோல் கிடந்தார். அவரும் தூங்கவில்லை என்பதைப் பல வருடம் கழித்துத்தான் சொன்னார்.

அடுத்த வருடம் நாங்கள் முந்திக்கொண்டோம். டிசம்பர் நடுவிலேயே ரவா லட்டு பிடித்து, மேல்வீட்டில் தனியாக இருந்த மூதாட்டிக்கு ஒரு தட்டு கொடுத்தேன். நான்காம் நாள் தட்டு திரும்பி வந்தது, அவர் சுட்ட பிஸ்கட்டுகளோடு. வெறும் தட்டைத் திருப்பக்கூடாது என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? 23ஆம் தேதி மாலை, ஃப்ராவன்கிர்ஷே தேவாலயத்தின் முன் திறந்த வெளியில் நடக்கும் வழிபாட்டுக்கு அவரே எங்களைக் கூட்டிப்போனார். 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் எரிந்து சரிந்த ஆலயம் அது. 1993இல் இடிபாடுகளின் முன்னால்தான் இந்த வழிபாட்டைத் தொடங்கினார்கள். 2005இல் ஆலயம் முழுதாக எழுந்த பின்னும் வெளியிலேயே நடத்துகிறார்கள். பல்லாயிரம் பேர் குளிரில் நின்றார்கள். அந்தக் குண்டுவீச்சின்போது அவர் சிறுமி. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்றாம் வருடத்திலிருந்து 24ஆம் தேதி இரவு எங்கள் வீட்டில் இட்லி, சாம்பார். பல்கலைக்கழக விடுதியில் ஊருக்குப் போக முடியாமல் தங்கிவிட்ட பிள்ளைகள் ஐந்தாறு பேர் வருவார்கள். தமிழ்ப் பிள்ளைகள், ஒரு வங்காளி, ஒரு வருடம் நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு பையன். மேல்வீட்டு அம்மாள் சாலட் கொண்டுவருவார், எங்களுக்காக இறைச்சி சேர்க்காமல். எங்கள் சன்னலிலும் ஷ்விப்போகன் எரியும். 2020இலும் 2021இலும் கொரோனாவால் சந்தையே கூடவில்லை, யாரும் வரவும் முடியவில்லை. விளக்கு மட்டும் எரிந்தது, தெருவைப் பார்த்து.

ஆகவே மகளுக்கு இப்போதே சொல்லுங்கள். 24ஆம் தேதி பகலுக்குள் மூன்று நாளைக்குப் பாலும் காய்கறியும் வாங்கிவைக்கட்டும். விடுதியில் யார் தனியாக இருக்கிறார்கள் என்று மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல்லுங்கள். அடுத்த வீட்டுக்கு ஒரு தட்டு முறுக்காவது போகட்டும்.

நீங்கள் அன்று இரவு எட்டரை மணிக்குப் போன் செய்யுங்கள். அங்கே மாலை நான்கு மணி, அப்போதுதான் இருட்டியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் மகளைப் போல் அங்கே வாழ்ந்த ஒருத்தி