பிரிண்டர் முன் நிற்பவர் யார்?

கல்லூரி முடித்து சிஸ்டம் அட்மினாகச் சேரும் பிள்ளைகளிடம், பிரிண்ட் எடுக்க வருபவரை மென்பொருள் எப்படி அடையாளம் காண வேண்டும் என்று கேட்டால், பலரும் கைரேகை என்கிறார்கள். விற்க வந்தவர் டெமோ காட்டியிருப்பார், மேலாளருக்கும் பிடித்துப்போயிருக்கும். அந்த வற்புறுத்தலில் தவறான முடிவு எடுப்பதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பாஸ்வேர்டு, பின் எண், அடையாள அட்டை, மொபைலில் க்யூஆர்: இவை எல்லாருக்கும் தெரிந்தவை. பயனர் பட்டியல் ஆக்டிவ் டைரக்டரியில் இருந்தால் பெரும்பாலான மென்பொருள்களில் இவற்றை அமைத்துவிடலாம். நான்கு இலக்கப் பின்னுக்கு 10,000 சாத்தியங்களே உண்டு. சில தவறான முயற்சிகளுக்குப் பிறகு கணக்கு பூட்டிக்கொள்ளும்படி செய்துவிடுங்கள்.

கைரேகையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். கிடங்கில் பெட்டி தூக்குபவரின் ரேகை தேய்ந்திருக்கும். ஈரக் கையோடும் மருதாணிக் கையோடும் வருபவர்கள் உண்டு. ரீடர் ஏற்க மறுத்தால் வேலை நிற்கக் கூடாதே என்று பக்கத்திலேயே பின் எண்ணையும் வைப்பார்கள். அப்புறம் உங்கள் பாதுகாப்பு அந்தப் பின்னின் அளவுதான். ரீடருக்குக் கொடுத்த பணம் வீண். பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. நாலு பக்கம் பிரிண்ட் எடுக்க ஊழியரிடம் அதைக் கேட்பது நியாயமில்லை.

என் ஓட்டு அட்டைக்கு. இந்த வேலையில் இருந்த காலமெல்லாம் ஊழியர்கள் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான். ஆனால் 125 கிலோஹெர்ட்ஸ் பழைய கதவு அட்டைகள் தங்கள் எண்ணை மறைக்காமலே அனுப்புகின்றன. மலிவான கருவியால் நகலெடுத்துவிடலாம். மைஃபேர் கிளாசிக் அட்டையின் குறியாக்கம் 2008-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. டெஸ்ஃபயர் வகை அட்டையை வாங்குங்கள். வாங்கினாலும், ரீடர் அட்டையின் வரிசை எண்ணை மட்டும் படிக்கிறதா, உள்ளே பூட்டிய தரவைப் படிக்கிறதா என்று கேளுங்கள். எண்ணை மட்டும் படித்தால் கூடுதல் விலைக்குப் பயனில்லை.

வாசலில் எதை வைத்தாலும் சர்வரை மறக்கக் கூடாது. 2023-இல் பேப்பர்கட் என்ற பிரிண்ட் மென்பொருளில் கண்ட ஒரு குறை, பாஸ்வேர்டே இல்லாமல் சர்வருக்குள் நுழைய வழிவிட்டது. அதன் தீவிரம் 10-க்கு 9.8. திருத்தம் மார்ச்சில் வந்தது. போடாமல் விட்டிருந்த சர்வர்களைத் தேடி ஏப்ரலில் தாக்கினார்கள்.

தம்பிகளே, தங்கைகளே, புதுக் கருவியின் மேல் ஆசை மட்டும் இருந்தால் இந்தத் தொழிலில் நிலைக்க முடியாது. உட்கார்ந்து லாக் படிக்கும் பொறுமை வேண்டும். அந்த நாட்டம் இருப்பவர்தான் நல்ல அட்மின் ஆகிறார். மேலாளர் அவசரப்படுத்தினாலும் புது முறையை ஒரே ஒரு பிரிண்டரில் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். யார் தடுமாறுகிறார்கள், எத்தனை பேர் பக்கத்து ஆளின் அட்டையை வாங்கித் தேய்க்கிறார்கள் என்று கவனியுங்கள். யாராவது வேலையை விட்டுப் போகும் நாளில், கணக்கை முடக்கிய உடனே அவர் அட்டையைத் தேய்த்துப் பாருங்கள். பட்டியல் ஒத்திசைவை இரவில் ஒருமுறை மட்டும் வைத்திருந்தால், அன்று இரவு வரை அந்த அட்டைக்குப் பிரிண்டர் திறக்கக்கூடும்.