மலை, நதி, பொய்கை: திருச்சியில் நின்று ஒரு பாடம்



நம்ம குழுவில் ஒரு தம்பி கேட்டார்: "ஸ்ரீரங்கம் தீவுன்னு சொல்றாங்களே, அது தானா உண்டானதா, மனுஷன் வெட்டினதா?" நல்ல கேள்வி. ஒரே வரியில் பதில் சொல்ல மனசு வரலை. அதனால இன்னிக்கு ஒரு சின்ன பூகோளப் பாடம்.

முதலில் நம்ம அப்பன் பிறந்த கதையை நினைச்சுக்கோங்க. கயிலையில் நெற்றிக்கண்ணிலிருந்து ஆறு பொறிகள். வாயுவும் அக்கினியும் அவற்றைச் சுமந்து கங்கையில் விட்டார்கள். கங்கை சரவணப் பொய்கையில் சேர்த்தாள். மலை, நதி, பொய்கை மூணும் வந்துடுச்சா? கங்கை ஏந்தியதால் காங்கேயன், நாணற்காட்டுப் பொய்கையில் தோன்றியதால் சரவணபவன். இந்த மூணையும் திருச்சியில் தேடிப் பார்ப்போம்.

மலையில் தொடங்குவோம். மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நீளமா நிற்கும். கிழக்குத் தொடர்ச்சி மலை அப்படி இல்லை, துண்டு துண்டா இருக்கும். துறையூர்ப் பக்கம் போனா தெரியுற பச்சைமலை, அதுக்கு மேற்கே கொல்லிமலை, எல்லாம் அந்தத் துண்டுகள்தான். ஆனா மலைக்கோட்டையும் விராலிமலையும் எந்தத் தொடரிலும் சேராத தனிக்குன்றுகள். சுற்றியிருந்த இளகின பாறை லட்சக்கணக்கான வருஷமா வெயிலிலும் மழையிலும் கரைஞ்சு போச்சு; இறுகின பாறை மட்டும் நின்னுடுச்சு. மலைக்கோட்டை சுமார் 83 மீட்டர், அதாவது 272 அடி. 1987-இல் கட்டி முடிச்ச ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. கோபுரம் கிட்டத்தட்ட குன்றை எட்டிப் பிடிச்சிருக்கு பாருங்க!

இப்போ தம்பியின் கேள்விக்கு வர்றேன். குடகில் தலைக்காவிரியில் பிறந்து, ஒகேனக்கல்லில் குதிச்சு, மேட்டூர் தாண்டி வரும் காவிரிக்கு, திருச்சியை நெருங்கும்போது சரிவு குறைஞ்சுடுது. வேகம் குறைஞ்சா ஆறு சுமந்து வந்த மணலைக் கீழே போடும். அந்த மணலே வழியை அடைக்க, ஆறு கிளை பிரியும். முக்கொம்பில் அப்படித்தான் வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரின்னு பிரியுது. நடுவில் நிற்கிற நிலம்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவும். ஆக, தீவு தானா உண்டானது. இரண்டு ஆற்றுக்கு நடுவில் இருப்பதால் நிலத்தடி நீர் மேலேயே கிடக்கும். திருவானைக்காவில் லிங்கத்தைச் சுற்றி நீர் ஊறுகிற நீர்த்தலம் அமைந்ததும் இந்த இடத்தில்தான்.

ஆனா தீவின் இரண்டு பக்கமும் தண்ணீர் சரியா ஓடுவது தானா நடக்கலை. கொள்ளிடம் தாழ்வான ஆறு. கடலுக்கு அதன் வழி நேரானது, சரிவும் அதிகம். விட்டுவிட்டால் தண்ணீர் எல்லாம் அங்கேதான் போகும். காவிரி மணல் மேடாகி, தஞ்சை வயல் காயும். தீவின் கிழக்குக் கோடியில் இரண்டு ஆறும் மறுபடி நெருங்கும் இடத்தில், காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் வழிஞ்சுடாமல் தடுக்கத்தான் கரிகாலன் கல்லணை கட்டினான். 1830-களில் அதே ஆபத்து முக்கொம்பிலேயே வந்தது. அப்போ ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டினார். 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி அந்த மேலணையின் மதகுகள் சில உடைஞ்சு போனது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மணல் மூட்டை போட்டு அடைக்க நாள்கணக்கில் பாடுபட்டாங்க. அவ்வளவு பதற்றம் ஏன்னா, காவிரிக்குப் போக வேண்டிய தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கிடும்.

சரி, பொய்கை எங்கே? இங்கேதான் பலரும் ஏமாறுவாங்க. பொய்கைன்னா மனிதர் வெட்டாமல் தானாய் உண்டான நீர்நிலை. ஏரி அப்படி இல்லை. ஒரு பக்கம் வளைவா மண்கரை, அதில் மதகு, ஓரத்தில் உபரி நீர் வழியக் கலிங்கு இருந்தா, அது நம்ம முன்னோர் கட்டினதுன்னு தெரிஞ்சுக்கலாம். சென்னைக்குக் குடிநீர் தரும் வீராணம் சோழர் வேலை. கொடைக்கானல் ஏரிகூட 1863-இல் அமைச்சதுதான்! இமயத்தில் பனிப்பாறை குடைஞ்ச பள்ளங்களில் ஏரி உண்டாகும். நம்ம ஊரில் பனிப்பாறையும் இல்லை, எரிமலையும் இல்லை; அதனால இயற்கையான நன்னீர் ஏரி ரொம்ப அபூர்வம். பழவேற்காடு இயற்கைதான், ஆனா அது கடலோர உப்பங்கழி. திருப்பரங்குன்றத்திலும் திருத்தணியிலும் கோயிலுக்கு ஒரு சரவணப் பொய்கை வெச்சு நம்ம பெரியவங்க அந்தக் குறையைத் தீர்த்துக்கிட்டாங்கன்னு எனக்குத் தோணும்.

அடுத்த கிருத்திகைக்கு வயலூர் போறவங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். அந்த வட்டாரத்தில் ஓடுற உய்யக்கொண்டானை நின்னு பாருங்க. ஆறு மாதிரியே இருக்கும். ஆனா அது காவிரியிலிருந்து வெட்டின வாய்க்கால். 'உய்யக்கொண்டான்' ராஜராஜ சோழனின் பட்டப்பெயர். எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடுது, ஏன் அப்படின்னு குழுவில் எழுதுங்க.

முருகா சரணம்!