மலைமேல் ஒரு நாள் விழா

உழைப்பும் ஓய்வும் மாறி மாறி வருவது மக்கள் வாழ்க்கை. உழைத்துக் களைத்த உள்ளங்கள் ஒருங்குகூடி மகிழ்வதற்கென நம் முன்னோர் வகுத்தவை விழாக்கள். அவ்விழாக்கள் நிலத்தையும் காலத்தையும் ஒட்டிப் பிறப்பன. ஆற்றங்கரை ஊர்களில் புதுப்புனல் வரும் நாள் விழா நாளாகும். வயல்வளம் மிக்க ஊர்களில் கதிர் வீடு வரும் நாள் விழா நாளாகும். மலைநாட்டிலோ, மழை ஓய்ந்து வழி திறந்திருக்கும் வேனிற்காலமே விழாவுக்கு ஏற்ற காலம். அத்தகைய வேனில் விழாக்களுள் ஒன்று மங்கலதேவிக் கோட்டத்தில் நிகழும் சித்திரை முழுமதி விழா. அதன் சிறப்பினை இப்பாடத்திற் காண்போம்.

தமிழ்நாட்டின் தேனி மாவட்டமும் கேரள நாட்டின் இடுக்கி மாவட்டமும் மேற்குத் தொடர்ச்சி மலையில் எல்லை கலக்கின்றன. கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சையும் செழித்து வளர்கின்றன. மேற்கே குமுளியும் அதனைச் சூழ்ந்த ஏலக்காய், மிளகுத் தோட்டங்களும் உள்ளன. இவ்விரு பகுதிகளுக்கும் இடையே, கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில், புல் மூடிய மலைமுகடு ஒன்றின்மேல் கருங்கற்களால் இயன்ற பழங்கோயில் ஒன்று சிதைந்த நிலையில் நிற்கிறது. இதனைக் கேரள மக்கள் மங்கலாதேவி கோயில் என்பர். தமிழ் மக்கள் கண்ணகி கோட்டம் என்பர். இம்முகட்டில் நின்று கீழ்த்திசை நோக்கினால் கம்பம் பள்ளத்தாக்கின் பசிய வயல்கள் பாய் விரித்தாற்போலத் தோன்றும். பிற திசைகளில் மலைக்குமேல் மலையாக அடர்ந்த காடே காட்சியளிக்கும்.

கண்ணகிக்கு இம்மலையோடு என்ன தொடர்பு? சிலப்பதிகாரம் இதற்கு விடை தருகிறது. கணவனை இழந்த கண்ணகி மதுரையைத் தீக்கு இரையாக்கிய பின், அந்நகரின் மேலை வாயிலைக் கடந்து, வையைக் கரை வழியே நடந்து, நெடுவேள் குன்றம் என்னும் மலையை அடைகிறாள். அங்கே ஒரு வேங்கைமர நிழலில் நிற்கிறாள். தினைப்புனம் காக்கும் குறவர் குலப் பெண்கள் அவளைக் கண்டு, நீவிர் யாவிர் என்று வினவுகின்றனர். அவளும் சினங்கொள்ளாது தன் துயரைக் கூறுகிறாள். மதுரை நீங்கிய பதினான்காம் நாளில், கோவலனோடு அவள் விண்ணுலகு செல்லும் காட்சியை அம்மலைவாணர் தம் கண்ணாற் கண்டனர் என்பது காப்பியச் செய்தி.

அதன்பின் நிகழ்ந்ததே நாம் ஊன்றிக் கருதற்குரியது. இவளைப் போன்றதொரு தெய்வம் நம் குலத்திற்கு வேறில்லை எனத் தெளிந்த அம்மக்கள், அந்நாளிலேயே விழா எடுத்தனர். தொண்டகப் பறையும் சிறுபறையும் முழங்கின. கொம்புகள் ஊதப்பட்டன, மணிகள் ஒலித்தன. குறிஞ்சிப் பண் பாடி, நறும்புகை காட்டி, மலர் தூவி, கைகோத்துக் குரவையாடினர். இதனை இளங்கோவடிகள் குன்றக்குரவை என்னும் பகுதியில் அமைத்துள்ளார். சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்து கோயில் எடுத்ததும், இலங்கை வேந்தன் கயவாகு முதலியோர் வழிபட்டதும் பின்னர் நிகழ்ந்தவை. அம்மன்னனுக்குக் கண்ணகியின் செய்தியை முதலில் உரைத்தவரும் இம்மலைவாழ் மக்களே. ஆகவே, கண்ணகிக்கு முதல் விழா எடுத்தவர் முடிமன்னர் அல்லர். தினையும் தேனும் உண்டு வாழ்ந்த எளிய மலைமக்களே ஆவர். தம் ஊரினள் அல்லாத ஒருத்தியின் துயரைக் கேட்டு, அவளைத் தம் குலதெய்வமாகவே ஏற்றுக்கொண்ட அவர்தம் பெருந்தன்மையே இவ்விழாவின் வித்து எனலாம்.

காப்பியம் கூறும் மலை எது என்பதில் உரையாசிரியர் காலந்தொட்டே கருத்து வேறுபாடு உண்டு. திருச்செங்கோடு என்பாரும் உளர். பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி சென்ற வழியைக் காப்பியத்தின் துணைகொண்டு தாமும் நடந்து ஆராய்ந்தார். 1963-ஆம் ஆண்டில் இக்கோட்டத்தைக் கண்டு, காப்பியம் குறிக்கும் இடம் இதுவே என எடுத்துரைத்தார். இங்குள்ள வண்ணாத்திப்பாறை என்னும் இடப்பெயர், விண்ணேற்றிப்பாறை என்பதன் திரிபாகலாம் என்று கருதுவோரும் உண்டு. ஆராய்ச்சி எவ்வாறாயினும், மலையடிவார மக்களின் நம்பிக்கை இம்முகட்டிலேயே வேரூன்றி நிற்கிறது.

இவ்விழா ஏன் சித்திரை முழுமதியில் நிகழ்கிறது? இவ்வினா சிந்திக்கத்தக்கது. மதுரை எரியுண்ட நாள் ஆடித்திங்கள் தேய்பிறை எட்டாம் நாள் என்று சிலப்பதிகாரம் குறிக்கிறது. அதன்பின் பதினான்கு நாள் கழித்துக் கண்ணகி விண்ணேறினாள் எனின், அந்நாள் மழைக்காலத்தில்தான் அமைதல் வேண்டும். ஆயினும் மக்கள் சித்திரை முழுமதியையே விழா நாளாகக் கொண்டனர். இதற்கு மலையின் இயல்பே காரணம் எனக் கருதலாம். சூன் மாதத் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை இம்மலைகளைத் தாக்கத் தொடங்கும். ஆடியிலோ காற்றும் மழையும் ஓயா, மலைப்பாதை வழுக்கும், அட்டைகள் காலைக் கவ்வும், மூடுபனியில் முன்னே செல்பவர் பின்னே வருபவருக்குத் தோன்றார். முதியோரும் மகளிரும் சிறுவரும் அக்காலத்தில் மலையேறுதல் அரிது. சித்திரையில் வழி உலர்ந்திருக்கும், பகற்பொழுதும் நீண்டிருக்கும்.

உழவுத் தொழிலும் இதற்கு இசைகின்றது. 1895-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற முல்லைப் பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த வழியே கிழக்கு நோக்கித் திருப்பப்பெற்று, கம்பம் பள்ளத்தாக்கினை இருபோக நிலமாக்கியது. முதற்போகத்திற்குச் சூன் முதல் நாளில் நீர் திறப்பது வழக்கம். எனவே சித்திரைத் திங்கள் உழவர்க்கு ஓய்ந்திருக்கும் காலமாகிறது. மேற்கேயுள்ள மலைத்தோட்டங்களிலும் மிளகு பறிப்பு முடிந்திருக்கும். ஏலக்காய் பறிப்போ மழைக்குப் பின்னரே மும்முரமாகும். இவ்வாறு மலையின் இருபுறத்து உழைப்பாளர்க்கும் ஒருங்கே ஓய்வு கிடைக்கும் காலம் இவ்வேனிற்காலமே.

விழா நாள் நெருங்கும்போது மலையடிவாரத்தில் உள்ள பளியன்குடி பொலிவு பெறுகிறது. இது பளியர் என்னும் பழங்குடியினர் வாழும் சிற்றூர். தேன் எடுத்தலும் கிழங்கு அகழ்தலும் இவர்தம் தொன்றுதொட்ட தொழில்கள். விழாவின் தொடக்கமாக இங்கே மூங்கிலிற் கொடியேற்றுவர். கூடலூர், கம்பம் முதலிய ஊர்களிலும் சிற்றூர்களிலும் இருந்து மக்கள் வந்து குழுமுவர். பொழுது புலரும் வேளையில் மலைப்பயணம் தொடங்கும். பளியன்குடியிலிருந்து கோட்டம்வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவு நடந்தே ஏறல் வேண்டும். வழி செங்குத்தானது. இளைஞர் முதியோருக்குக் கைகொடுப்பர். குழந்தைகளைத் தோளிற் சுமப்பர். அறியாத ஒருவர் அருந்தத் தண்ணீர் கேட்டாலும் இல்லையென்பார் இலர். மேலைப்புறத்தில் குமுளியிலிருந்து காட்டுவழியே ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவினைச் சீப்பு வண்டிகளிற் கடந்து வருவோரும் பலராவர்.

முகட்டை அடைந்ததும் களைப்பெல்லாம் காற்றிற் கரைந்துவிடும். கண்ணகியின் திருவுருவம் பட்டாலும் மலராலும் அணிசெய்யப்பெற்றிருக்கும். மகளிர்க்கு மங்கல நாணும் வளையலும் குங்குமமும் வழங்குவர். தமிழ்நாட்டு முறைப்படியும் கேரள நாட்டு முறைப்படியும் வழிபாடுகள் நிகழும். அங்குக் கூடியிருப்போரின் பேச்சில் தமிழும் மலையாளமும் இரு நீரோடைகள்போலக் கலந்து ஒலிக்கும். நீதி கேட்டு நின்ற ஒரு பெண்ணின் கதை, மொழி எல்லையைக் கடந்து இரு மக்களையும் ஒரே முற்றத்தில் நிறுத்துகிறது.

இவ்வளவு சிறப்பிற்கும் உரியது ஒரே ஒரு பகற்பொழுதுதான். காலையில் திறக்கும் வழி, மாலையில் மூடப்படுகிறது. பிற்பகலுக்கு மேல் எவரும் மலையேற இயலாது. இருள் சூழுமுன் அனைவரும் இறங்கிவிடல் வேண்டும். ஆண்டின் மற்றை நாட்களில் பொதுமக்கள் அங்குச் செல்ல இசைவில்லை. நெகிழிப் பைகளும் மதுவும் கொண்டுசெல்லுதல் கூடாது. இக்கட்டுப்பாடுகள் ஏன் என்று சிலர் மனங்கசந்து வினவக்கூடும். விடை அம்மலையிலேயே உள்ளது.

இக்கோட்டம் அமைந்திருப்பது பெரியாறு புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள். 1978-ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பெற்ற இக்காடு, இன்று 925 சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. தமிழ்நாட்டுப் பக்கத்திலும் 2021-ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்தது. யானையும் புலியும் காட்டெருமையும் கடமானும் வாழும் பெருமனை இது. நாம் அம்மனைக்கு ஒரு நாள் விருந்தினர். விருந்தினர் வீட்டுப் பொருளைச் சிதைப்பதும், விடைபெறும் நேரம் வந்தும் எழாதிருப்பதும் பண்பாகா. ஒருவர் எறிந்த நெகிழிப் பையை உணவென்று விழுங்கும் விலங்கு, அதனாலேயே மாண்டு போதலும் உண்டு. நம் ஒருநாள் மகிழ்ச்சி மற்றோர் உயிருக்கு ஓராண்டுத் துன்பமாதல் கூடாது.

மற்றோர் அச்சமும் உண்டு. முல்லையும் குறிஞ்சியும் வேனில் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை நிலமாதலை இளங்கோவடிகள் அன்றே அறிந்து கூறினார். வேனிலில் மலைப்புல் வைக்கோலென உலர்ந்து கிடக்கும். அணையாத ஒரு தீக்குச்சி போதும். காற்று அதனைக் காட்டுத்தீயாக்கிவிடும். இதே தேனி மாவட்டத்தின் குரங்கணி மலையில் 2018 மார்ச்சு 11-ஆம் நாள் மூண்ட காட்டுத்தீயில், மலையேறச் சென்றோருள் இருபதின்மருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலையேறுதற்கு வழி திறந்துவிடும் அதே வேனில், தீக்கும் வழி திறந்து வைக்கிறது. இதனை உணர்ந்தோர் கட்டுப்பாட்டினைத் தடையென்று கருதார், காவலென்றே கருதுவர்.

இக்கோட்டத்தின் உரிமை குறித்து இரு மாநிலங்களுக்கும் இடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. எனினும், ஆண்டுதோறும் விழாவிற்கு முன்னர் தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்களும் காவல், வனம், நலவாழ்வு முதலிய துறைகளின் அலுவலர்களும் ஒருங்கமர்ந்து ஆய்கின்றனர். குடிநீர், மருத்துவம், ஊர்திகள், காவல் ஆகியவற்றைப் பகிர்ந்து ஏற்கின்றனர். வழக்கு ஒருபுறம் இருக்க, விழா நடந்தேறுகிறது. அண்டை வீட்டார் இருவர்க்கிடையே வேலியைப் பற்றிய பிணக்கு இருப்பினும், பொதுக்கிணற்றைத் தூர்வாரும் நாளில் இருவரும் கயிறு பிடித்தல் வேண்டும் அன்றோ? அத்தகைய பொதுநாள் இது.

மாணவர்களே! காவிரிப்பூம்பட்டினத்தில் நிகழ்ந்த இந்திர விழாவினை நீங்கள் அறிவீர்கள். அதுவும் சித்திரையில் நிகழ்ந்ததே. அவ்விழா இருபத்தெட்டு நாள் நடைபெற்றது. வணிகமும் கலையும் செல்வமும் அங்கே பொங்கி வழிந்தன. அவ்விழாவின் இறுதியில், கடற்கரையில் கோவலனும் மாதவியும் பிரிந்தனர். அப்பிரிவே கண்ணகியை மதுரைக்கும், பின்னர் மலைக்கும் அழைத்துச் சென்றது. இன்று அந்நகரும் இல்லை. அவ்விழாவும் பழைய வடிவில் இல்லை. குறவர் எடுத்த விழாவின் நினைவோ ஆண்டிற்கு ஒரு நாள் மலைமேல் வாழ்கின்றது.

விழாவின் பெருமை நாட்களின் தொகையால் அளக்கப்படுவதன்று. கூடுவோர் எத்துணை அன்போடு கூடினர், பிரியும்போது எத்துணைத் தூய்மையாக அவ்விடத்தை விட்டுச் சென்றனர் என்பவையே அதற்கு அளவுகோல். அக்கோட்டத்தின் சுவர்கள் சரிந்துள்ளன, கற்கள் பெயர்ந்துள்ளன. அக்கற்களைக் காப்பது அரசுகளின் கடமை. அக்காட்டினைக் காப்பது அங்குச் செல்லும் ஒவ்வொருவரின் கடமை. மாலையில் மக்கள் இறங்கிய பின் முழுமதி எழுந்து அம்முகட்டை நோக்கும்போது, அங்கே மனிதர் வந்து சென்ற சுவடு மலர்களாக மட்டுமே இருத்தல் வேண்டும். அவ்வாறு வாழ்வோமாயின், அடுத்த சித்திரையிலும் மலை நமக்கு வழி திறக்கும்.