கலிங்கில் மீன் வலை வேண்டாம்

ஓடையின் குறுக்கே மண் கரை போட்டுத் தண்ணீர் தேக்கும் விவசாயிகள் அதில் மீன் குஞ்சு விடுவதும், பிள்ளைகள் நீந்தி விளையாடுவதும் வழக்கம். அதில் தவறில்லை. மீன் தப்பாதிருக்க, உபரி நீர் போகும் கலிங்கில் வலையோ கம்பித் தட்டியோ கட்டுவதுதான் ஆபத்து. பெருமழையில் செத்தையும் முள்ளும் வந்து அதில் அடைத்துக்கொள்ளும். நீர் ஏறிக் கரைமேல் வழியும். கற்கட்டு தாங்கலாம், மண் கரை தாங்காது. வெளிச்சரிவு அரித்துக் கரை உடைந்துவிடும்.

இப்படிப் பெருந்துயரில் முடிந்த அணை ஒன்று அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில் இருந்தது. சவுத் ஃபோர்க் என்ற அந்த மண் அணையைச் செல்வந்தர் சங்கம் ஒன்று மீன் பிடிக்கவும் படகு விடவும் வைத்திருந்தது. வண்டி போவதற்காகக் கரை உச்சியைத் தாழ்த்தினார்கள். கலிங்கில் மீன் தடுப்பு வைத்தார்கள். அடிமதகுக் குழாய்கள் முன்பே அகற்றப்பட்டிருந்தன. 1889 மே 31-ல் பெருமழையில் அணை உடைந்து, ஜான்ஸ்டவுன் நகரிலும் சுற்றிலும் 2,200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அது 72 அடி உயர அணை. ஆனால் பத்தடிக் கரையும் வழிந்தால் அப்படித்தான் உடையும்.

மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பை எடுத்துவிட வேண்டும். நாலு மீன் போனால் போகட்டும். ஆளும் மாடும் நடந்து தேய்ந்த இடத்தில் களிமண் போட்டு, நனைத்து, இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். கரையடியில் கசியும் நீர் சேறு கலந்து வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள். உடனே நீர்மட்டத்தைக் குறைத்து, பொறியாளரிடம் காட்ட வேண்டும்.

மதகு திறந்திருக்கும்போது அதன் பக்கம் பிள்ளைகளை நீந்த விடக் கூடாது. நீர் இழுக்கும் வேகம் மேலே தெரியாது.