மண்ணுக்கடியில் ஒரு கணக்கு

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள், நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலையில், சிலாங்கூரின் புத்ரா ஹைட்ஸ் பகுதியில் நிலத்தடி எரிவாயுக் குழாய் உடைந்து பெருந்தீ மூண்டது. பல வீடுகளும் வாகனங்களும் சேதமுற்றன. குழாயைத் தாங்கிய மண் வலுவிழந்ததும், அதனால் குழாயின் பற்றவைத்த இணைப்பு சிதைந்ததும் பின்னர் நடந்த விசாரணையில் தெரியவந்தன.

மண் தாழ்வது லகாட் வட்டாரத்தினர் அறியாத செய்தியன்று. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்களுக்காகத் தோண்டப்பட்ட நிலம் ஏராளம். அடியில் உள்ள சுண்ணாம்புக்கல்லை நீர் சிறிது சிறிதாகக் கரைப்பதால் திடீர்க் குழிகளும் உண்டாகின்றன. இத்தகைய நிலத்தில் புதைந்த குழாய் வளைகிறதா என்பதை எவ்வாறு அறிவது?

அதற்கு உதவும் கருவி திரிபுமானி. குழாயின்மேல் ஒட்டப்படும் இம்மெல்லிய உலோக இழை, குழாய் நீண்டால் தானும் நீளும். அதன் மின்தடை கூடும். குழாய் சுருங்கினால் மின்தடை குறையும். இம்மாற்றத்தைக் கொண்டு, நீளம் எந்த விகிதத்தில் மாறியது என்று கணக்கிடுவர். அவ்விகிதமே திரிபு. நீட்சியை எதிர்த்து, எஃகினுள் ஓர் அலகுப் பரப்பில் எழும் விசை தகைவு எனப்படும்.

மண் தாழ்ந்து குழாய் தொய்யும்போது அதன் அடிப்பக்கம் நீளும், மேற்பக்கம் சுருங்கும். ஆகவே, குழாயைச் சுற்றி மூன்று மானிகளையாவது பொருத்துவர்.

உள்ளழுத்தமும் வெப்பநிலையும் மாறாத நிலையில், அடிப்பக்கம் மீட்டருக்கு 0.5 மில்லிமீட்டர் நீண்டதாகக் கொள்வோம். திரிபு 0.0005. எஃகின் யங் குணகம் ஏறத்தாழ 200,000 மெகாபாஸ்கல். இரண்டையும் பெருக்கினால், நெடுக்குவாட்டில் கூடிய தகைவு 100 மெகாபாஸ்கல்.

அவ்வெஃகு 360 மெகாபாஸ்கலில் நிலையாக உருமாறத் தொடங்கும் என்றால், இன்னும் 260 மீதமுள்ளது என்று நினைக்கத் தோன்றும். அது தவறு. மானி, தன்னை ஒட்டிய நாளுக்குப் பிறகு ஏற்பட்ட மாற்றத்தை மட்டுமே காட்டும். எரிவாயுவின் அழுத்தமும் முன்பே தாழ்ந்த மண்ணும் அதே திசையில் ஏற்கெனவே 200 மெகாபாஸ்கல் தகைவை உண்டாக்கியிருந்தால், மொத்தம் 300. மீதம் 60 மட்டுமே.

எனவே பொறியாளர்கள், மானியைப் பொருத்தும் நாளில் குழாய் இருந்த நிலையை முதலில் கணித்துப் பதிவுசெய்கின்றனர். அப்பதிவு இல்லாவிட்டால், மானி சரியாகவே அளந்தாலும் ஆபத்தின் அளவு தெரியாது.