அபிப்பிராயத்துக்கும் பொறுப்பு உண்டு

இரத்தோட்டை,
மாத்தளை மாவட்டம்.

சிரஞ்சீவி பேரனுக்கு,

  

நீ கைபேசி வழியாக உன் சிநேகிதர்களுக்கும் உறவினர்களுக்கும் எழுதி வருகிறவற்றை உன் தங்கை எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். காலையில் புதிய யந்திரங்கள், மத்தியானம் நாட்டின் பாதுகாப்புச் செலவு, மாலையில் மண்சரிவு, இரவில் உன் ட்ரோன் கமரா என்று, ஒரே நாளில் நான்கு துறைகளிலும் நீ தீர்ப்பு வழங்கிவிடுகிறாய். வாலிபப் பிராயத்தில் ஒருவனுக்கு நாட்டு நடப்பைப் பற்றி அபிப்பிராயமே இல்லாமல் இருப்பது மனத்துக்கு நல்லதல்ல என்பதே என் கட்சி. ஆகையால், எழுதாதே என்று தடுப்பதற்காக இந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை. அந்த நான்கில் ஒன்றில் மட்டும் உன்னிடம் நிரம்ப விவேகம் இருப்பதைக் கண்டிருக்கிறேன். மற்ற மூன்றுக்கும் அதே விவேகத்தை நீ ஏன் கொடுப்பதில்லை என்று கேட்பதே என் நோக்கம்.

சென்ற சித்திரைப் புத்தாண்டுக்கு நீ வந்திருந்தபோது, தோட்டத்து விளையாட்டு மைதானத்தில் அந்தக் கமராவைப் பறக்கவிடுவதற்கு முன் நீ செய்த ஆயத்தங்களை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். இறக்கைகளின் விளிம்பில் வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தாய். பற்றரி ஊதியிருக்கிறதா என்று உள்ளங்கையில் வைத்துப் புரட்டினாய். ஒரு பிடி புல்லை மேலே எறிந்து காற்றின் போக்கை அறிந்தாய். மின்கம்பி போகும் திசையைப் பார்த்துவிட்டு, சூழ்ந்து நின்ற பிள்ளைகளைப் பின்னால் தள்ளி நிறுத்தினாய். இத்தனை பரீட்சை எதற்கு என்று உன் சித்தப்பா மகன் பொறுமையிழந்து கேட்டபோது, "விழுந்தால் யார் தலையிலாவது விழுமே!" என்றாய். பெரிய நூல்களைப் படித்து நான் சொல்லக்கூடியதை நீயே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டபடியால், அந்த வாக்கியத்தையே உனக்குத் திருப்பித் தருகிறேன். நீ எழுதி அனுப்பும் அபிப்பிராயம் தவறிப்போனால், அது யார் தலையில் விழும்?

பொழுதுபோக்கு நம் சொந்த விஷயந்தானே என்று நினைப்பது சரியல்ல என்பதை உன் கமராவே உனக்குக் கற்பித்திருக்க வேண்டும். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்த சில தினங்களுக்குள், நாடெங்கும் ட்ரோன்கள் பறப்பது நிறுத்தி வைக்கப்பட்டது. கலியாணப் படம் எடுத்துப் பிழைத்தவனும், வயலைப் படம் பிடித்து மகிழ்ந்தவனும் ஒருங்கே தரையில் நின்றார்கள். இன்றும் அதைப் பறக்கவிட விரும்புகிறவன் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகளுக்கு அடங்க வேண்டியவனே. தொழில்நுட்பமும் பாதுகாப்பு அரசியலும் விநோதமும் தனித்தனி அறைகளில் வசிப்பதில்லை, அப்பா. எங்கோ நடக்கும் ஒரு குரூரம், உன் கையிலிருக்கும் விளையாட்டுப் பொருளையும் சந்தேகத்துக்குரிய சாதனமாக்கிவிடுகிறது.

பாதுகாப்பு அரசியலைப் பற்றிய உன் எழுத்துத்தான் எனக்கு அதிக விசாரம் தருவது. 2025 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்டபோது, எந்தப் பக்கத்து ட்ரோன் எவ்வளவு தூரம் போயிற்று என்பதை, கிரிக்கெட்டில் ஓட்டங்களை எண்ணுகிறவனைப் போல நீ எழுதினாயாம். பின்னொரு நாள், நம் நாட்டு இராணுவத்தையே கலைத்துவிட வேண்டும் என்றாயாம். செலவு பெரிது என்பதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. யுத்தம் முடிந்தது 2009 மே மாதத்தில், ஆயினும் 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கு ஒதுக்கிய தொகை 442 பில்லியன் ரூபா. படையைச் சுருக்க வேண்டும் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டு, 200,783 ஆக இருந்த இராணுவத்தை 2024க்குள் 135,000 ஆகவும், 2030க்குள் 100,000 ஆகவும் குறைப்பதென்று 2023 ஜனவரியில் அறிவித்தது. இந்த இலக்கங்களை அறிந்து, விலகுகிறவர்களுக்கு வேறு ஜீவனம் என்ன, மீதப்படும் பணம் பாடசாலைக்குப் போகுமா என்று கேட்டு எழுதுவாயானால், அது ஒரு பிரஜையின் அபிப்பிராயம். ஒரு நாள் யுத்தத்தை ரசிப்பதும், மறுநாள் படையே வேண்டாம் என்பதும் ஆத்திரத்தின் இரு முகங்களேயன்றி வேறல்ல.

தூரத்தில் இருந்துகொண்டு ஆயுதங்களைப் பற்றித் தீர்மானிப்பதன் பலனை நம் மாத்தளை மண் நன்றாக அறியும். 1848ஆம் ஆண்டில், டொரிங்டன் தேசாதிபதியின் ஆட்சியில், துவக்கு வைத்திருப்பவன் ஒவ்வொருவனும் வருஷத்துக்கு இரண்டரை ஷில்லிங் கட்ட வேண்டும் என்று சட்டம் பிறந்தது; நாய்க்கும் கடைக்கும்கூட வரி வந்தது. கொழும்பு உத்தியோகஸ்தருக்கு அந்தத் துவக்கு வருமானத்துக்கு ஒரு வழி. இங்குள்ள குடியானவனுக்கோ, காட்டுப் பன்றியிடமிருந்து சேனைப் பயிரைக் காக்கும் சாதனம். இந்த வரிகளை எதிர்த்தெழுந்தவர்கள் ஜூலை 26இல் தம்புள்ளையில் தங்கள் தலைவன் கொங்காலேகொட பண்டாவுக்கு அரசனாக முடிசூட்டினார்கள்; இரண்டு நாட்களில் மாத்தளையில் கலகம் மூண்டது; பின்னர் இராணுவச் சட்டம் வந்தது; ஆகஸ்ட் 8இல் கலகத்தின் மற்றொரு தலைவனான புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டான். இங்கிலாந்துப் பாராளுமன்றம் விசாரித்து, தேசாதிபதியும் பதவி நீங்கினார் என்பது உண்மையே. ஆனால் விசாரணையால் மாண்டவர் எவரும் மீளவில்லை. பட்டணத்திலே காகிதத்தில் எழுதிய ஒரு அபிப்பிராயம் இரத்தோட்டைக் குடிசையில் எப்படி இறங்கும் என்று எவரும் நினைத்துப் பார்க்காததன் விலை அது.

அதே கலகத்தில் நம் மாத்தளை அலுவிகாரையின் பழைய நூலகமும் அழிந்தது. நீ புதிய யந்திரங்களைப் புகழும்போது அந்த விகாரையை நினைத்துக்கொள்வது நல்லது. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபயன் என்ற அரசன் காலத்தில், பஞ்சமும் யுத்தமும் பிக்குகளைக் கொன்றுகொண்டிருந்தபோது, வாய்வழியாகவே காக்கப்பட்டு வந்த பௌத்த மறையான திரிபிடகம் அவர்களோடு மறைந்துவிடும் என்று அஞ்சி, அங்கேதான் அதனை ஓலையில் எழுதிவைத்தார்கள். ஓலையும் எழுத்தாணியும் அன்றைய தொழில்நுட்பம். எதனைக் காக்க வேண்டும் என்பதை முதலில் நிச்சயித்து, அதற்குரிய சாதனத்தைப் பின்னர் தேடினார்கள் என்பதே அதன் சிறப்பு. எந்த யந்திரத்தைப் பற்றியும், அதன் வேகத்தையும் விலையையும் விசாரிக்குமுன், அது எதனைக் காக்கிறது என்று கேட்டுப் பழகு.

இனி மண்சரிவு. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது, நம் மாவட்டத்துக் கம்மடுவைப் பகுதியில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை கொட்டியது. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். நீ கலைக்கச் சொன்ன அந்தப் படையினரும் சேற்றில் இறங்கி மக்களை மீட்டார்கள். அந்த இரவுகளில் கைபேசியில் சுற்றிய செய்திகளில், இன்ன அணை உடைந்தது, இன்ன மலை சரிந்தது என்ற புரளிகளும் கலந்தே வந்தன. மெய்யான எச்சரிக்கையோ தமிழில் பிந்தியே கிடைத்தது என்ற முறைப்பாடு மலையகமெங்கும் எழுந்தது. உனக்குச் சிங்களமும் தமிழும் ஒன்றுபோல் வரும். லயக் காம்பராவில் குழந்தைகளோடு விழித்திருக்கும் ஒரு தாய்க்கு, அதிகாரிகள் விடுத்த எச்சரிக்கையை உடனே தெளிந்த தமிழில் எழுதி அனுப்புவாயானால், அந்த நாலு வரி உன் நானூறு அபிப்பிராயங்களிலும் மேலானது.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று படிகளாக வகுத்திருக்கிறது: 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், விழிப்பாயிரு, 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், ஆயத்தமாயிரு, 150ஐத் தாண்டினால் சிவப்பு, வெளியேறு. இந்த மழையளவை நீயே அறியலாம்: வாயும் அடியும் ஒரே அகலமுள்ள நேரான போத்தல் ஒன்றை, கூரைத் தாழ்வாரத்துக்கும் மரத்துக்கும் எட்டி வெட்டவெளியில் நட்டு, தினமும் காலை எட்டரை மணிக்கு அடிமட்டம் வைத்து நீரின் உயரத்தை அளந்து, கொப்பியில் எழுதிவிட்டுக் கொட்டிவிட்டால், ஒரு மழைமானி உன் சொந்தமாகிவிடும். தேயிலைத் தோட்டத்து ஆபீஸ்களில் கிளாக்கர் ஐயாமார் தலைமுறை தலைமுறையாக எழுதி வந்த மழை ஏடு இந்த வேலைதான். சுவரிலோ தரையிலோ புதிய வெடிப்பு, மரம் சாய்தல், ஊற்று திடீரெனக் கலங்குதல் அல்லது வற்றுதல் ஆகியவற்றையும் அதே கொப்பியில் குறித்துவை. கண்டவுடன் கிராம சேவகரிடம் சொல். இவ்வடையாளங்கள் தோன்றிவிட்டால், அளவு 150ஐ எட்டட்டும் என்று காத்திராமல் இடத்தை விட்டு நீங்குவதே விவேகம்.

ஆகையால் பேரனே, கமராவை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை, அபிப்பிராயத்தையும் விட்டுவிடாதே. கேள்விப்பட்டதற்கும் அறிந்ததற்கும் இடையே கோடு போட்டுக்கொள். இலக்கத்தைச் சரிபார்த்து எழுது. கோபத்தில் எழுதியதைக் காலையில் மறுபடி வாசித்து அனுப்பு. ஆயுதத்தையும் யுத்தத்தையும் பற்றி எழுதும்போது, அவற்றின் அடியில் அகப்படுகிறவன் வாசிக்கிறான் என்று எண்ணி எழுது. அடுத்த மாரிக்கு முன் நம் லயத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு மழைமானி நட்டுவை. வேண்டிய போத்தலும் அடிமட்டமும் கொப்பியும் நான் வாங்கித் தருகிறேன்.

இங்ஙனம்,
உன் நலம் நாடும்
தாத்தா.